முளைத்த பயறு

பேப்பர் கப்பைப் பார்த்தால் எனக்கு டீ நினைவுக்கு வராது, அக்காதான் வருவாள். காஞ்சிபுரத்துக்கு வெளியே மெத்தைக்கு ஃபோம் ஊற்றும் கம்பெனியில் நாங்கள் ஒரே ஷிப்ட். கூடப் பிறந்தவள் இல்லை. வேலையில் எனக்கு மூத்தவள். பெரிய அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு பேப்பர் கப்பில் ஃபோமுக்கான இரண்டு திரவங்களையும் கலந்து பார்ப்பது அவள் பொறுப்பு. பாலாய் வெளுத்து, பொசுபொசுவென்று நுரை எழும்புவதற்குள் அவளுக்குக் கால் தரையில் நிற்காது. "எழுந்திரு, எழுந்திருடி" என்று கப்பை அதட்டுவாள்.

கலக்கும்போது கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பொட்டுகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு உண்டாகும் வாயு அந்தப் பொட்டுகளுக்குள் புகுந்துதான் குமிழாக வளர்கிறது. சோம்பலாகக் கலக்கினால் குமிழ்கள் குறைந்து, இருப்பவை ஊதிப் பெருத்துப் பொத்தல் பொத்தலாக நிற்கும். சின்னக் குமிழின் வாயுவையும் பக்கத்துப் பெரியது இழுத்துக்கொள்ளும். எழும்பி முடிக்கிற நேரத்தில் குமிழ்ச் சுவர்கள் கிழிந்து ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது மொத்தமும் சுருங்கிவிடும். "பெருசு சின்னத முழுங்குது பாரு, எங்க மாமியா மாதிரி" என்பாள் அக்கா.

மாமியாரின் குறை, வீட்டில் குழந்தை இல்லை என்பது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அக்காவுக்கு ஒன்றும் தங்கவில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு எழுந்ததும் அக்கா திருப்புட்குழிக் கோயிலுக்குக் கிளம்பினாள். அங்கே வறுத்து ஊறவைத்துத் தரும் பயறை வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி இடுப்பில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடிந்து பார்க்கையில் முளைத்திருந்தால் குழந்தை நிச்சயம் என்பார்கள். "நீயும் வாம்மா, துணைக்கு" என்று, புதிதாகக் கல்யாணமான என்னையும் இழுத்துப்போனாள். வறுத்தது எங்கேயாவது முளைக்குமா என்று நான் சிரித்தேன். கூடப் போன பாவத்துக்கு நானும் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஷிப்டுக்கு வந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பயறில் வெள்ளையாக முனை நீட்டிக்கொண்டிருந்தது. "முளைச்சிருக்குதுடி!" என்று கத்தினாள்.

"எனக்குச் சும்மா நமுத்துக்கினு கெடக்குதுக்கா" என்றேன்.

"உனக்கு இன்னாடி அவசரம், நேத்துதானே தாலி ஏறுச்சு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அடுத்த வருஷம் எனக்குத்தான் பிறந்தது. அக்காவின் புருஷனுக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். அவள் வேலையை விட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன நியாயம் இது? இன்றும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மகளைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று பஸ் நிலையம் வரை போய்ப் போய்த் திரும்பினேன். ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"முளைச்சது எனக்கு, பொறந்தது உனக்கு. யார்கிட்டமா போய்க் கேக்கறது?"

நான் அழுதுவிட்டேன்.

"அழுவாதே. உம்மேல கோவம் இல்ல. வயிறு எரியுது, அவ்ளோதான். ஒண்ணு மட்டும் கேளு, ஆசையில பாப்பாக்கு எம் பேர வெச்சிராதே. இந்தப் பேரு ஒருத்திக்குப் போதும்."

நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். தொட்டிலில் கிடந்தவளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தோம். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் "பாப்பா" என்கிறேன்.