காப்பு வீட்டில் கேரட் ஹொட் டோக்

ஹட்டனிலிருந்து டயகம பஸ் போகிற வழியில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ஒரே கூரைக்கடியில் வரிசையாக நிற்கிற லயத்தில் எந்த வீட்டிலும் கறி, மீன், முட்டை வேகாது. தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் கையில் மஞ்சள் கயிறோடு இரவில் கோயிலிலேயே படுப்பார்கள்; சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார்கள்.

போன வருடம் என் அண்ணனும் கட்டியிருந்தான். ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில், நீளப் பணிஸ் ரொட்டிக்குள் இறைச்சிச் சொசேஜ் வைத்த ஹொட் டோக் நாள் முழுக்க மணக்கும். பாதி விரதத்தில் ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு, தானே கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். அம்மா கொழுந்து பறிக்கப் போன மலையில் எல்லாம் இதே பேச்சு. இந்த வருடம் மறுபடி கட்டும்போது பூசாரி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. இன்னொரு தடவை அத்துக்கிட்டு வந்தா, ஒனக்கு இந்தக் கோயில்ல காப்பே கிடையாது."

சில நாள் போனதும் அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். "பருப்பு, பூசணிக்கா, பருப்பு. இந்தத் தடவையும் முடியாது போல தங்கச்சி."

நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். கையில் போன், வேறு வேலை இல்லை. பாலும் வெண்ணெயும்கூடச் சேர்க்காத ஹொட் டோக் ஒன்றை அதில் பார்த்திருந்தேன். சொசேஜுக்குப் பதில் கேரட்! நுவரெலியாப் பக்கத்துக் கேரட்டுக்கு இங்கே என்ன குறைச்சல்?

"நாளைக்கு ஒனக்கு ஹொட் டோக் தாரேன்" என்றேன்.

"பைத்தியமாடி ஒனக்கு?"

முதல் தடவை அதிகமாக வேகவைத்து, தூக்கினால் ஒடிகிற களியாக்கினேன். இரண்டாம் தடவை, கத்தி இறங்கும் ஆனால் உடையாது என்கிற பதத்தில் எடுத்தேன். சோயா சோஸ், வினாகிரி, நசுக்கிய பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை சீனி கலந்து விடியும்வரை ஊறவைத்தேன். கடைச் சொசேஜில் இருக்கிற புகை வாசனைக்குத்தான் போனில் ஏதோ போத்தல் காட்டினார்கள். எங்களுக்கு அது எதற்கு? தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய காய்ந்த கிளைகளை அடுப்பில் வைத்து, அந்தப் புகையில் கேரட்டைக் கம்பித் தட்டில் கிடத்தினேன். பிறகு தேங்காய் எண்ணெயில் தோல் சுருங்கும்வரை பொரித்தேன். மயோனைஸில் முட்டை இருக்கும். அதனால் கெட்டித் தேங்காய்ப்பாலில் கடுகு அரைத்துவிட்டு, தேசிக்காய் பிழிந்துகொண்டேன். முட்டை பூசாத நீளப் பணிஸைப் பாண் வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கியிருந்தேன்.

லயத்தில் ஒரு வீட்டுத் தாளிப்பு கூரைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து எல்லா வீட்டுக்கும் போகும். அதை நான் யோசிக்கவில்லை. அண்ணன் பணிஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றார்.

"அடிப்பாவிகளா! காப்புக் கட்டின வீட்டுல கறியா?"

"கேரட்டு அத்தை!"

"கேரட்டு என்னைக்குடி இப்புடி மணந்துச்சு? நான் கேரட்டே தின்னாதவளா?"

அம்மா அண்ணன் கையிலிருந்ததைப் பிடுங்கித் தட்டில் வைத்தார். அதற்குள் யாரோ கோயிலுக்கு ஓடிச் சொல்லி, பூசாரி மாமாவே வந்துவிட்டார். நான் ஒன்றை இரண்டாக வெட்டிக் காட்டினேன்.

"சொசேஜும் செவப்பாத்தான் இருக்கும்" என்றார் அத்தை.

"அப்ப தின்னு பாருங்க மாமா."

"நல்லா சொன்ன. கறியா இருந்தா ஒன் அண்ணன் காப்போட என் காப்பும் போயிரும்."

"எனக்குத்தான் கையில கயிறு இல்லையே, நான் பாக்கவா?" என்று அத்தை கையை நீட்டினார்.

"லயத்துக்கே கட்டு. ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று மாமா தடுத்தார்.

அண்ணன் கயிற்றை மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றான்.

"என் கண்ணு முன்னால இன்னொண்ணு செய்யி" என்றார் மாமா, வாசற்படியில் உட்கார்ந்து.

ஊறவைக்க நேரமில்லை. கேரட்டைச் சீவி, மீதியிருந்த சோயா சோஸ் சாற்றிலேயே மூடி போட்டு வேகவைத்தேன். புகை காட்டினேன். எண்ணெயில் போட்டதும் அதே வாசனை எழுந்தது. வாசலில் நின்ற கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மாமா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார்.

"கேரட்டுதான்" என்றார். பிறகு இன்னொரு துண்டை எடுத்தார். "கேரட்டேதான்."

"ஒரு தடவ மென்னா தெரியாதாக்கும்" என்று அத்தை முணுமுணுத்தார்.

மாமா அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து, தளர்ந்திருந்த முடிச்சை இழுத்து இறுக்கினார். "சாப்புடு. சாமிக்குத் தெரியும், சனத்துக்குத் தெரியாது. இனிமே கதவத் தொறந்து வச்சுக்கிட்டு இத பொரிக்கச் சொல்லு ஒன் தங்கச்சிய."

அண்ணன் ஆறிப்போனதை எடுத்து நின்றபடியே தின்று முடித்தான். கடையில் விற்பதைவிட உப்பு கொஞ்சம் கூட என்றான். அப்புறம், இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டான்.

திருவிழா முடியும்வரை கதவைத் திறந்துபோட்டு, பனியும் குளிரும் உள்ளே வர, கேரட் பொரித்தேன். அண்ணன் கையில் கயிறோடு தீக்குழியை ஓடாமல் நடந்தே கடந்தான்.