குறுக்கே போகும் குச்சிகள்

ஜப்பானின் ஹச்சினோஹே ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிற சனாயேவுக்குக் கத்தரிக்கோல் சொன்னபடி கேட்கும். சாப்பாட்டுக் குச்சிதான் கேட்காது. சின்ன வயதிலிருந்தே இரண்டு குச்சியும் அவள் கையில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போய்விடும். அப்பா மீன்பிடிக் கப்பலில், அம்மா மீன் ஆலையில். தனியாகச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்குத் திருத்திச் சொல்ல ஆளில்லை.

கல்யாணம் பேசிய விருந்தில் கானாங்கெளுத்தியின் முள்ளை எடுக்க அவள் படும் பாட்டை மாப்பிள்ளையின் அக்கா ஃபுமியோ பார்த்துக்கொண்டே இருந்தாள். “மீன் சாப்பிடுறியா, முடி வெட்டுறியா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரிக்க, சனாயேவும் சிரித்து வைத்தாள். அதற்கப்புறம் வெளியே எங்கே போனாலும் கரண்டியால் சாப்பிடக் கூடியதைத்தான் வாங்குவாள்.

மகள் தோவாவுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். குழந்தைக்கு இரண்டரை வயது. விரல் நுழைக்க வளையம் வைத்த, பழகுவதற்கான குச்சியைக் கொடுத்தால் சோயாப் பயறைக்கூட எடுத்துவிடுவாள். வெறும் குச்சி என்றால் மேசையில் மத்தளம் வாசிப்பாள், டோஃபுவைக் குத்திக் கூழாக்குவாள், கடைசியில் கையால் அள்ளிக்கொள்வாள். மூன்று வயதுக்கு முன்னால் விரல் வளையாது, அவசரப்படாதீர்கள் என்று குழந்தைகள் காப்பகத்து ஆசிரியை சொன்னது சனாயேவின் காதில் ஏறவில்லை.

குழந்தை பார்த்துத்தானே கற்கும் என்று, சாப்பாட்டு மேசையில் தானும் கணவன் யசுனோரியைப் போலச் சரியாகப் பிடிக்க ஆரம்பித்தாள். கட்டைவிரல் மரத்துப்போனது. வாய்க்கு வருவதற்குள் பாதி நழுவியது. அரை வயிற்றோடு எழுந்து போய், மத்தியானம் வாடிக்கையாளர் தலைக்கு மேல் வயிறு உறுமுகிறதே என்று கூசிப்போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் தோவா வளையக் குச்சியைத் தள்ளிவிட்டு வெறும் குச்சியை எடுத்தாள். ஒரு துண்டு மீனை இறுக்கிப் பிடித்து, சிந்தாமல் வாயில் போட்டுக்கொண்டாள். சனாயேவுக்குச் சந்தோஷம் வரவில்லை. குச்சிகள் குறுக்கே இருந்தன.

“அம்மா மாதிரி,” என்றாள் குழந்தை, மென்றுகொண்டே.

மேசையில் சரியாகத்தானே பிடிக்கிறாள், எங்கே பார்த்தது இது? அப்புறம்தான் உறைத்தது. அடுப்பில் மீனைக் குச்சியால் திருப்பும்போது அவள் பழைய பிடியில்தான் திருப்புவாள். குழந்தை காலடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

யசுனோரி சிரித்துவிட்டான். “சிரிக்காதீங்க,” என்று சீறிவிட்டு, அவள் தோவாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றி வைத்தாள். மீன் விழுந்தது. குழந்தை வீறிட்டது. மறுபடி மாற்றினாள், குச்சி பறந்துபோய் சூப்பில் விழுந்தது.

“விடு சனாயே. அவ பசியா இருக்கா. நீயும்தான்,” என்றான் யசுனோரி.

சனாயே குழந்தையின் விரல்களை விட்டாள். தன் குச்சியை எடுத்தாள், பழையபடியே பிடித்தாள், கிண்ணத்துச் சோற்றை ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டாள். தோவாவும் விசும்பல் அடங்கி, அதே பிடியில் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் அடுப்படியில் குழந்தை வந்து நின்றதும் சனாயே குச்சியைச் சரியாகப் பிடித்து மீனைத் திருப்பினாள். அது நடுவில் உடைந்து எண்ணெயில் விழ, சூடான எண்ணெய் கையில் தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சரியான பிடியிலேயே அடுத்த துண்டைத் திருப்பினாள்.