முறை வந்தால்தான் அடிப்பார்

அக்காவின் கணவர் கடைத்தெருவில் ஒருவரை அடித்துவிட்டார் என்ற செய்தி, நான் வேலை பார்க்கும் தேசத்துக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு வாய் மாறியிருந்தது. பல் டாக்டர் வீட்டம்மா சித்தியிடம் சொல்லி, சித்தி எனக்குச் சொன்னாள். கம்ப்யூட்டர் கேம் பற்றிய சண்டையாம், ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். வழக்கம்போல எனக்கு இரண்டு நாள் தூக்கம் போனது. ஆனால் நம்பவில்லை. அத்தான் கையால் அடிவாங்க வேண்டுமென்றால் முதலில் டோக்கன் எடுத்து உட்கார வேண்டும்.

லீவில் போனபோது விசாரித்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர், சண்டை நிற்காமல் ஓடும் ரியல் டைம் ஆட்டம்தான் ஆட்டம் என்றிருக்கிறார். ஆளுக்கொரு முறை, யோசித்து யோசித்து அடிக்கும் டர்ன் பேஸ்டுதான் மூளை உள்ளவனுக்கு என்று அத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரம் இதே பேச்சு. கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மைதான், தலைவலிக்கு.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அவசரப்பட்டால் விளிம்பு உடைந்துவிடும். அந்த ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டு இருபது வருடமாகக் குடும்பத்தையும் சேர்த்துத் தேய்க்கிறார். சோபா வாங்கலாமா என்று ஒன்றரை வருடம் யோசித்தார். அதுவரை விருந்தாளிக்குக் கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டால் ஒரே பதில்தான்.

"ரியல் டைம்ல ஆடறவன் சும்மா பட்டனப் போட்டுத் தட்டறான், மச்சான். என் ஆட்டம் எனக்காக நிக்கும். நான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் அந்த ராட்சசன் தூக்கின வாளோட அப்படியே நிப்பான்."

"நானுந்தான் நிக்கறேன்," என்றாள் அக்கா, துணி மடித்தபடி.

இந்த முறை விஷயம் சோபா இல்லை. அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் பேங்கின் வேறு ஊர்க் கிளையில் மேலாளர் பதவி கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் வருகிறீர்களா என்று பத்து நாளாக அத்தானைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளும் அவர் யோசித்தார். வெள்ளிக்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா சொன்னாள்:

"அஞ்சுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ போன் பண்ணுவேன். வரேன்னாலும் சரி, வரலேன்னாலும் சரி, எதையாவது சொல்லுங்க. எடுக்கலேன்னா நான் மட்டும் போறேன். அப்புறம் பின்னாடி வர வேண்டாம்."

அத்தான் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காது கேட்டது என்று மட்டுமே பொருள்.

யோசிப்பதற்கென்றே அரைநாள் லீவு போட்டார். ஆட்டம் போட்டால் மூளை ஓடும் என்று டிவி முன்னால் உட்கார்ந்தார். திரையில் இவருடைய வீரர்கள் நாலு பேர், எதிரே மூன்று தலைப் பாம்பு. அம்பு விடுவதா, காயத்துக்கு மருந்து கொடுப்பதா என்பதில் முக்கால் மணி நேரம் போயிருந்தது. நகம் தீர்ந்துபோய் நான் விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு ஐம்பதுக்கு டிவிக்குப் பக்கத்தில் அவருடைய போன் அடித்தது.

"அத்தான், அக்கா."

"தெரியுது. இரு, இந்த ஒரு முறை முடியட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிக்கற ஆட்டம்னு நீங்கதானே ஊரெல்லாம் கத்தினீங்க? அந்தப் பாம்பு பத்து நாளானாலும் நகராது. அக்கா நகந்துடுவா. எடுங்க."

இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னை மதித்துத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல பாயிண்ட், மச்சான்," என்றார். பிறகு மோவாயைத் தடவிக்கொண்டு, அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.