சீட் உயரம்

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான்: சீட். முட்டி வலித்தால் சீட் தாழ்வு. முதுகு வலித்தால் சீட் பின்னால் போய்விட்டது. கழுத்து வலித்தால் சீட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஈப்போவில் புறப்பட்டு, செமோரில் தேநீர் குடித்துவிட்டு, பழைய ரோட்டில் கோலா கங்சார் வரை போய்த் திரும்புகிற நரைத்த தலைகள் நாங்கள். எங்களில் டாக்டர் ஒருவர்கூடக் கிடையாது. அதனால் எல்லாருமே டாக்டர்.

அந்தக் கூட்டத்தில் என் உயிர்ச் சிநேகிதன் ஒருவன். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். நான் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளை, ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சைக்கிள் மட்டும் இல்லையென்றால் அவன் கடையில் ஒரு குக்கர் வாங்கியிருப்பேன், பழக்கம் அத்தோடு முடிந்திருக்கும். இப்போது அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை.

சீட் வைத்தியத்தில் தலைமை டாக்டர் அவன்தான். சட்டையின் பின்பையில் எப்போதும் ஒரு திருகுச் சாவி இருக்கும். நம்மைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கச் சொல்வான். சீட்டின் மேல்பாகம் இடுப்பெலும்புக்கு நேராக வருகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். பிறகு, "ஒரு நூல் தூக்கு மச்சான், எல்லாம் சரியாப் போயிடும்" என்பான். நூல் என்பது தச்சர் கணக்கு, ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். அவன் யாருக்கும் சீட்டை இறக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அவனுடைய சீட் கம்பியில் அவன் உயரத்துக்குக் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தவன் நான்.

போன வருஷம் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சும்மா பிடிப்பு இல்லை. இடுப்பில் வலது பக்கம் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் இழுக்கும். மேட்டில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன், வீட்டுக்கு வந்ததும் சோபாவில் குப்புற விழுவேன். என் மனைவி மருந்துப் பட்டையை என் முதுகில் அடித்து ஒட்டுவாள். ஒட்டுகிற அடியில் பாதி வைத்தியத்துக்கு, பாதி கோபத்துக்கு. "அந்தச் சைக்கிள வித்துத் தொலைங்க, முதுகு தானா நேராகும்" என்பாள். எனக்குச் சுள்ளென்று ஏறும். வாரம் முழுக்கக் கிடங்கில் மேலதிகாரியின் முகத்தைப் பார்க்கிறவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையாவது வேண்டாமா?

அதே மாதங்களில்தான் அவனும் முதுகு வலி என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதே. கோலா கங்சார் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், உருட் என்று உடம்பு பிடித்துவிடுகிற மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். இருவரும் சேர்ந்து அவரிடம் போனோம். எண்ணெய் தடவி, கட்டை விரலால் நெம்பி, உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்றார். என் காற்று இரண்டு நாளில் பாதி இறங்கியது. அவனுடைய காற்று இறங்கவே இல்லை. அவர் கையைக் குறை சொல்ல மாட்டேன், அவரால் முடிந்ததைச் செய்தார். பிறகு சீனர் மருந்துக்கடைத் தைலம். பிறகு சூடான உப்பு ஒத்தடம். பிறகு, சொல்லவே வேண்டாம், சீட்டை ஒரு நூல் தூக்கினோம்.

"ராத்திரியிலதான் மச்சான் ரொம்பப் படுத்துது. படுக்கவே முடியல. நாற்காலியில உக்காந்துதான் தூங்குறேன்" என்றான் ஒரு நாள் செமோர் கடையில்.

"மெத்தைய மாத்துலா. பாத்திரம் விக்கிற காசெல்லாம் எங்க போகுது" என்றேன். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் இளைக்க ஆரம்பித்தான். சைக்கிள்காரன் கண்ணுக்கு இளைப்பு என்றால் அழகு. எங்களில் எல்லாருக்கும் தொப்பை, எல்லாருக்கும் இளைப்பது ஒரு தீராத ஏக்கம். இவன் என்னடாவென்றால் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து, சுங்கை சிப்புட் தாண்டி வருகிற மேட்டில் எங்களை விட்டுவிட்டு முன்னால் போனான். வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனான். "என்னா டயட்டு அண்ணே, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கூட்டம் அவனைச் சுற்றி நின்றது. "டயட்டெல்லாம் இல்லலா. பசிக்கல" என்றான். எனக்குப் பொறாமை. அன்றைக்கு வீட்டில் நாசி லெமாக் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சாயங்காலமே அதைத் தின்றேன்.

என் வலி ஒரேயடியாகப் போகவில்லை. கடைசியில் மனைவியின் வாய்க்குப் பயந்து ஈப்போவில் ஒரு பிசியோவிடம் போனேன். சின்னப் பெண், நம்ம பெண்தான். நுழைந்ததுமே "வாங்க அங்கிள்" என்றாள். ஆரம்பமே எனக்குப் பிடிக்கவில்லை. குனியச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், தள்ளாடியதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு வரிசையாகக் கேள்வி.

"படுத்தா வலி குறையுதா அங்கிள்? இல்ல, ராத்திரியில கூடுதா?"

"படுத்தா சொர்க்கம்மா. எந்திரிச்சாத்தான் தொல்லை."

"உங்களுக்கே தெரியாம உடம்பு மெலிஞ்சிருக்கா? பசி குறைஞ்சிருக்கா?"

நான் தொப்பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தேன். "இதப் பாத்தா மெலிஞ்ச மாதிரியா இருக்கு?"

அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிறேன் என்று அவன் சொன்னது காதில் கேட்டது. தொளதொளத்த சட்டை கண்ணில் வந்து நின்றது. இந்தக் கேள்விக்கெல்லாம் ஆமாம் என்று சொல்கிற ஓர் ஆளை எனக்குத் தெரியும்.

"ஏம்மா, ஆமான்னு ஒருத்தர் சொன்னா?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "அப்ப நான் கை வைக்க மாட்டேன் அங்கிள். உடனே டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். யாரு, உங்க வீட்லயா?"

நான் அங்கிருந்து நேராகப் பாத்திரக்கடைக்குப் போனேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக் குணம். கல்லாவில் உட்கார்ந்திருந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் எவர்சில்வர் சொம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"வயசுலா மச்சான். அடுத்த மாசம் சிலிம் ரிவர் வரைக்கும் போலாம்னு சொல்லியிருக்கோம். அது முடியட்டும், பாத்துக்கலாம்."

"நாளைக்கே போ."

"சீட்தான் இன்னும் சரியா அமையல. ஒரு நூல்..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கடைக்குப் பின்னால் அவன் சைக்கிள் நின்றது. திருகுச் சாவி பக்கத்திலேயே தொங்கியது. சீட்டைக் கம்பியோடு உருவி எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா, தரேன். அதுவரைக்கும் நின்னுகிட்டே ஓட்டு." கடைப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவன், "பைத்தியம் முத்திடுச்சு இவனுக்கு" என்றான். ஆனால் போனான்.

முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். புரோஸ்டேட்டில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. முழுக்கக் குணமாக்க முடியாது, கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவன் மனைவி எனக்குப் போனில் சொன்னார். அழவில்லை. "சைக்கிள் மட்டும் கூடவே கூடாதாம் அண்ணே. விழுந்தா எலும்பு நொறுங்கிடுமாம்" என்றார். நான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு, அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

என் முதுகு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அந்தப் பெண் சொன்ன பயிற்சிகளைச் செய்தேன், சரியாகிவிட்டது. கூடவே சைக்கிளை எடுத்து வரச் சொல்லி அளந்து பார்த்தாள். என் சீட் ரொம்ப உயரம் என்றாள். எனக்கு மட்டும் உண்மையிலேயே சீட்தான் காரணம்.

அவனுடைய சீட் என் வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் கிடந்தது. மனைவி அதைத் துடைத்துத் திரும்ப அங்கேயே வைப்பாள். திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டக்கூடாதவனிடம் அதை எந்த முகத்தோடு கொண்டுபோய் நீட்டுவது? கதிர்வீச்சு வைத்தியம், ஊசி என்று அவனுக்குப் பல வாரங்கள் ஓடின. பார்க்கப் போகும்போதெல்லாம் கடை, மழை, விலைவாசி என்று பேசுவோம். சைக்கிள் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

அவன்தான் ஒரு நாள் போன் செய்தான். "மச்சான், நீ சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேன்லா. என் சீட்டக் குடு."

அன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனேன். சைக்கிளை வாசலில் துடைத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். கம்பியைச் செருகி, நான் சுற்றிய கறுப்பு டேப் வரைக்கும் இறக்கி முடுக்கினேன். அதுதான் அவன் உயரம், எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அவன் நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தான். எல்லாரையும் நிற்க வைக்கிற மாதிரியே தன்னையும் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டான். ஊன்றுகோலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முடிந்தவரை நிமிர்ந்தான்.

சீட் அவன் இடுப்பெலும்புக்கு மேலே நின்றது. நன்றாகவே மேலே நின்றது. டேப் நகரவில்லை. முதுகெலும்பு உள்ளே அமிழ்ந்து, இடுப்பும் முட்டியும் மடங்கி, அவன்தான் குட்டையாகிவிட்டான். அவன் மனைவி வீட்டுக்குள் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

அவன் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஒரு நூல் இறக்கு மச்சான்" என்றான்.

இறக்கினேன். போதவில்லை. இன்னும் இறக்கினேன். டேப் குழாய்க்குள் போய் மறைந்துவிட்டது. போதும் என்று அவன் சொன்ன இடத்தில் நிறுத்தி, திருகை நன்றாக முடுக்கினேன்.