க/பெ சத்யராஜ்

கலாவதி அக்காவின் ஆதார் அட்டையிலிருந்து கணவன் பெயரை எடுத்துவிட்டது நான்தான். ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் என் பிழைப்பு. அக்காவுக்குக் கிளியூர் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை. கணவன் சத்யராஜ் சேலத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் போன நாலாம் வருடம் என்னிடம் வந்தாள். ‘க/பெ சத்யராஜ்’ போய் ‘த/பெ கருப்பண்ணன்’ வந்தது. செத்துப்போன அப்பனின் பெயரை விரலால் தடவி, “தலைச்சுமைய எறக்கி வெச்சாப்பல இருக்குது கண்ணு” என்று சிரித்தாள். பாங்க் புத்தகத்திலும் மாற்றச் சொன்னேன். பெரிய நல்லது செய்கிற நினைப்பு எனக்கு.

மகள் சசிரேகாவுக்காக அக்கா போட்ட ஜீவனாம்ச வழக்கில் அதற்கு முன்பே தீர்ப்பாகியிருந்தது. லாரி ஓட்டும் சத்யராஜின் சம்பளத்தில் அவன் கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் பிடித்து கோர்ட்டில் கட்டிவந்தார்கள். அக்காவுக்கு அது தெரியாது. அவள் எஸ்டேட் மாறிவிட்டதால் கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. பிள்ளையின் பணம் மூன்று வருடம் சும்மா கிடந்தது.

இப்படித் தேங்கிய பணத்தை உரியவர்களிடம் சேர்க்க அரசாங்கமே போன செப்டம்பரில் மலையேறி வந்து முகாம் போட்டது. விண்ணப்பம் அடித்துத்தர என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். சசிரேகாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்து, பணம் கட்ட இருபது நாள் கெடு ஓடிக்கொண்டிருந்த நேரம். மைக்கில் “சத்யராஜ் மனைவி கலாவதி” என்றதும் அக்கா ஓடினாள்.

அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல கருப்பண்ணன் மகள்னு இருக்கேம்மா. பாங்க் புக்லயும் அப்படித்தான். பணம் சத்யராஜ் மனைவிக்கு.”

“நாந்தானுங்க சார் அது. புள்ளையப் பெத்தவ நானுங்க.”

“நான் நம்பறேன்மா. பேப்பர் நம்பணுமே.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் நல்ல மனுசன்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழித்த கை என்னுடையது அல்லவா?

பழைய பெயரைத் திரும்பச் சேர்க்கக் கணவனின் அட்டையும் சம்மதமும் கேட்டது கம்ப்யூட்டர். அக்கா கூலியை விட்டுவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். முதல் நாள் அவன் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை போய் வாங்கிவந்தாள்.

“என்னக்கா சொன்னாரு?”

“‘பேர அழிச்சவதானே நீ? நாந்தான் உம்புருசன்னு கும்பிட்டுக் கேளு’ன்னான் கண்ணு.” அவன் அட்டையை என் பக்கம் தள்ளி வைத்து, “கேட்டேன்” என்றாள்.

அழித்த அதே இடத்தில் அதே பெயரைத் திரும்ப அடித்தேன். புது அட்டை வர முப்பது நாள் என்றது திரை. கெடுவுக்கோ பன்னிரண்டு நாள்தான் மிச்சம். எஸ்டேட்டில் கூலிக்கணக்கு எழுதும் ரைட்டரிடம் முன்பணம் கேட்டாள், இல்லை என்றுவிட்டார். நானும் என்னால் ஆனதைத் தந்தேன். கால்வாசிகூடத் தேறவில்லை. கெடு முடிந்த மறுநாளே சசிரேகா, செம்மநத்தத்துத் தோழி ஒருத்தியோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லையாம். அதைச் சொல்லித்தான் அக்கா அழுதாள்.

காபிப் பழம் பறிக்கும் காலத்தில் பணம் வந்தது. காலேஜுக்குக் கட்டியிருந்தால் முதல் வருடம் தாராளமாக ஓடியிருக்கும். அக்கா பாங்கிலிருந்து நேரே என் கடைக்கு வந்து அட்டையை மேசைமேல் போட்டாள்.

“பணந்தான் வந்துருச்சுல்ல. அவன் பேர எடுத்துரு கண்ணு.”

“இப்ப எடுத்தா மறுபடி சிக்கலுங்கக்கா. சசிக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் மாசாமாசம் வரணும்ல? அடுத்த வருசமாச்சும் அவ படிக்க வேண்டாமா?”

“வரமாட்டேங்கறா. ‘நானே சம்பாரிக்கறேன், நீ இனி அந்தாளு வாசல்ல போயி நிக்காத’ங்கறா.”

அக்கா அட்டையை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தாள்.

“அவ மனசு மாறுனா மாசப் பணம் படிப்புக்கு ஆவும். இருந்துட்டுப் போவட்டும் கண்ணு. புள்ளதான் ஊட்டுல இல்ல. அவன் பேராச்சும் இருக்கட்டும்.”