மூட்டத்திலும் படரும் மங்கு: மடுல்கெல்லவிலிருந்து கண்டிக்கு

வழக்கமாக இங்கே அருவிகளையும் மலையேற்றங்களையும் பற்றித்தான் எழுதுவேன். இது ஒரு தோல் மருத்துவரைத் தேடிப் போன பயணம். போன வருடம் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மடுல்கெல்லவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி அமலி அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவருடைய கன்னங்களிலும் மேலுதட்டின் மேலும் பழுப்பாக மங்கு படர்ந்திருந்தது. டிசம்பரில் மூத்த மகள் ஜெனிக்குப் புதுநன்மை, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தாயும் தகப்பனும் பிள்ளையோடு பீடம்வரை நடந்து போக வேண்டும்.

"அண்ணனும் நீயும் கூட்டிட்டுப் போங்க புள்ள. நா பின்னால நின்னுக்கிறேன்" என்றார் அண்ணி, கறிக்கு உப்புப் பார்த்தபடி. அவர் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே கண்டியில் ஒரு தோல் மருத்துவரைச் சனல் பண்ணினேன். (தனியார் மருத்துவரிடம் நேரம் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம்.)

வத்தேகம வழியாகக் கண்டிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகள் அதிகம், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. காலை பஸ்ஸைப் பிடியுங்கள். நாங்கள் போனபோது ஒரு திருப்பத்தில் மூட்டம் விலகி, நக்கிள்ஸ் மலைகள் மொத்தமாக எதிரே எழுந்து நின்றன. தினமும் பார்க்கிறவர்கள்கூடப் பேச்சை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மூட்டத்துக்குள்ளதான் நாள் முழுக்க நிக்கிறேன். வெயிலே படல. பெறகு எப்பிடி இது வந்துச்சு?" என்று அண்ணி கேட்டார். அதையும் மருத்துவரிடமே கேட்போம் என்றேன்.

மருத்துவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். இதுவரை என்ன பூசினீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்து வைத்தார். மேலே பெயரில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை.

"பூசினா வெள்ளையாகுதுங்க. விட்டா முன்னைவிடக் கறுக்குது."

மருத்துவர் திட்டவில்லை. விளக்கு பொருத்திய ஒரு சின்னக் கருவியைக் கன்னத்தில் வைத்தார். சுவரிலிருந்த திரையில் அண்ணியின் தோல் விரிந்தது. நான் எழுந்து திரைக்குக் கிட்டப் போனேன். மயிர்த்துளைகளைச் சுற்றிப் பழுப்பு வலை, அதற்கிடையே நூலைவிட மெல்லிய சிவப்பு இழைகள். நெற்றிப்பொட்டளவு தோலுக்குள் இவ்வளவு பெரிய உலகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"இந்தச் சிவப்பு, டின்னில இருந்த ஸ்டீரொய்ட் செய்த வேலை. தோல் மெலிஞ்சு போச்சுது. பழுப்புத்தான் மங்கு. பிள்ளைப்பேறு, ஹோர்மோன், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வாறது. உங்கட பிழை இல்லை."

"மூட்டத்துல வெயிலே இல்லீங்களே டொக்டர்?"

"கொழுந்து கண்ணுக்குத் தெரியுதுதானே? அந்த வெளிச்சம் உங்கட முகத்திலயும் படும்."

இத்தனை மலை ஏறியும் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

முதலில் தோலை ஆற்ற வேண்டும் என்றார். மென்மையான சோப்பு, ஈரம் காக்கும் கிறீம், பகலில் தோல் நிறத்திலுள்ள சன்கிறீம். அந்த நிறம்தான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்குமாம். அண்ணி போட்டுவரும் கருத்தடை ஊசியின் ஹோர்மோனும் ஒரு காரணமாகலாம், அதை மாற்றலாமா என்று மருத்துவிச்சியிடம் கேட்கச் சொன்னார். மருந்து அதற்குப் பிறகுதான்.

"முழுசா மாறிடுங்களா?"

"அடக்கி வைக்கலாம். ஒரேயடியாப் போயிடும் எண்டு சொல்லுறவையை நம்பாதேங்கோ."

தொப்பி போடச் சொன்னபோது அண்ணி தயங்கினார். "கூடைப் பட்டிய தலையில மாட்டுறோமே, தொப்பி எப்பிடிங்க?" மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, பட்டி எங்கே பதியும் என்று காட்டச் சொன்னார். இருவரும் என் சால்வையை மடித்து மடித்துப் பார்த்தார்கள். கடைசியில், முன்விளிம்பில் கனத்த துணி வைத்துத் தைத்த முக்காட்டைப் பட்டிக்கு அடியில் போடுவதென்று முடிவானது.

டின்னை நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். அப்படியே ஆனது. நான் கொழும்பிலிருந்தபோது அண்ணி அழைத்தார். "நெருப்ப அள்ளிப் போட்ட மாதிரி எரியுது புள்ள. அத திரும்ப வாங்கிக்கவா?"

"வேணாம் அண்ணி. இப்ப பூசினா பட்டதெல்லாம் வீணாப் போயிரும்."

ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டே அழுதார் என்று அண்ணன் பிறகு சொன்னார். ஆனால் வாங்கவில்லை.

அக்டோபரில் மருத்துவரிடம் மறுபடி போனபோது எரிச்சல் அடங்கியிருந்தது. அப்போதுதான் இரவில் பூசும் மருந்துக் கிறீமை, சில வாரங்களுக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்தார். காலில் இரத்தம் உறைந்து கட்டியதுண்டா, மறுபடி கர்ப்பமாகும் எண்ணமுண்டா என்றெல்லாம் விசாரித்த பிறகே மங்குக்கான மாத்திரையும் எழுதினார். அது சிலருக்கு இரத்தத்தை உறைய வைக்கக்கூடுமாம்.

டிசம்பரில், புதுநன்மை அன்று காலை, "நானே போறேன்" என்றார் அண்ணி. மங்கு மறைந்துவிடவில்லை, வெளிறியிருந்தது. முகத்தை மூடாமல், மகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை நடந்தார்.

ஜனவரியில் அதே திரையைப் பார்த்தோம். சிவப்பு இழைகளில் பெரும்பாலானவற்றைக் காணோம். பழுப்பு வலையும் மெலிந்திருந்தது. மலைகளைக் கண்டு வாயடைத்திருக்கிறேன். ஆனால் நன்கு பழகிய ஒரு முகம், தன்னை இப்படிக் கொஞ்சங்கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருந்ததைக் கண்டு அன்றைக்கு வாயடைத்து நின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: பூசிய எல்லாவற்றையும் மறைக்காமல் எடுத்துப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் கட்டணம் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். அதிகம் செலவாவது சன்கிறீமுக்குத்தான், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அடுத்தவருக்கு எழுதிய மருந்தை வாங்கிப் போடாதீர்கள்.

ஜனவரியில் மருத்துவரைப் பார்த்த அன்று மதியம் கண்டி வாவிக் கரையில், மரநிழலில் உட்கார்ந்தோம். அண்ணி சன்கிறீமை எடுத்து மறுபடி பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழந்தையோடு இருந்த ஒரு சிங்களப் பெண் தயங்கித் தயங்கி, "அக்கே, அது என்ன?" என்று தன் மொழியில் கேட்டார். அவர் கன்னத்திலும் அதே பழுப்பு.

அண்ணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார், டின்னைப் பற்றியும், எரிந்த நாட்களைப் பற்றியும். அந்தப் பெண் நம்பாமல் பார்த்தார். உடனே அண்ணி முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, எஞ்சியிருந்த மங்கின் மேல் விரலை வைத்து, "கிட்ட வந்து பாருங்க" என்றார்.