மந்திரித்த மைக் பெட்டி

என் தாளப் பெட்டிக்குக் கணினி தேவையில்லை. இதைக் கற்பிட்டிப் பக்கத்து எங்கள் ஊரில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். தட்டினால் மேளம், அழுத்தினால் வயலின், எல்லாம் அதற்குள்ளேயே. மாதா கோயில் பாடகர் குழுவில் பதினைந்து வருடம் ஓகன் கீபோர்ட் வாசித்தவனுக்கு அந்தப் பெட்டியோடு தலைக்கனமும் சேர்ந்தே வந்தது.

ஒரே குறை, அதில் மைக் செருக இடமில்லை. மனைவியின் தம்பி இத்தாலியில் ஒரு ஹோட்டலில் சட்டி கழுவுகிறான். விசா சரிவராமல் பதினொரு வருடமாக ஊருக்கு வரவில்லை, அம்மா செத்தபோதும் வரவில்லை. கொடியேற்றத்தன்று மாதாவுக்குப் பாடும் பழைய பாட்டை முன்பு அந்த அம்மாதான் எடுப்பார். இப்போது என் மனைவி எடுக்கிறாள். அதை ஃபோனில் நேரடியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. முந்தின வருடம் ஃபோனைத் தூணில் கட்டிவைத்தோம். பக்கத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நாட்டுக்கே கரண்ட் செய்கிறார்கள், எங்கள் திருநாளுக்கு ஜெனரேட்டர். அவன் காதில் விழுந்தது ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான்.

அதனால் ஒரு மைக் பெட்டி அனுப்புவதாகச் சொன்னான். மைக்குகளை அதில் செருகி, அதை என் தாளப் பெட்டியில் செருகி, அங்கிருந்து ஃபோனுக்கு ஒரு வயர்.

"அத்தான், இது உங்கட மெஷினோட ஒத்துப்போகுமா? கடைக்காரன் கேக்கச் சொல்றான்."

"வயர் குத்துற வாய் ரெண்டிலயும் ஒண்டுதானே தம்பி. பிறகென்ன?"

எங்கள் ஊர்க் கணக்கு அப்படி. ஒரு கம்பனி எஞ்சினுக்கு இன்னொரு கம்பனிச் சாமானை அரத்தால் ராவிப் பூட்டி, அதோடு கடலுக்குப் போய் மீனோடு திரும்புகிறவர்கள் நாங்கள். பொருந்தாத சாமான் என்று ஒன்று இருப்பதாக நாங்கள் நம்புவதில்லை.

பார்சல் திருநாளுக்கு மூன்று கிழமை முன்பே வந்தது. நாட்டில் சண்டை நடந்த காலத்தில் இப்படி வயர் தொங்கும் பெட்டி வந்திருந்தால் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இருந்திருக்காது. இப்போது தபால்காரர் சிரித்துக்கொண்டு கையெழுத்து வாங்கிப் போனார். சோதித்துப் பார்க்க அவகாசம் தாராளமாக இருந்தது. ஆனால் புது வள்ளமோ புது எஞ்சினோ, ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் எங்கள் ஊரில் ஒருவரும் இயக்குவதில்லை. "அதுவும் மாதாவுக்குப் பாட வந்த சாமான்" என்று மனைவி அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஃபாதருக்கு மூன்று கோயில். எங்கள் முறை கொடியேற்ற மாலைதான்.

"ஒருக்கா வயரக் குத்திப் பாக்கிறன்" என்று கெஞ்சினேன்.

"மெஷின் தெரிஞ்ச ஆளுக்கு என்னத்துக்குப் பாக்கணும்?" என்றாள்.

கொடியேற்ற மாலை ஃபாதர் வந்தார். தாராளக் கைக்காரர். வள்ளத்துக்குத் தெளிக்கிற அளவு தீர்த்தத்தை மைக் பெட்டிக்கும் தெளித்தார். நான் சட்டை முனையால் துடைத்துவிட்டு வயரைக் குத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, உடனே அணைந்தது. என் தாளப் பெட்டியின் திரையோ அப்படியொரு சாமான் உலகத்திலேயே இல்லை என்பதுபோல் இருந்தது.

தீர்த்தம் உள்ளே போய்விட்டது என்றது ஒரு கட்சி. தெளித்தது போதாது என்றது இன்னொரு கட்சி. ஃபாதர் மெதுவாகத் தீர்த்தச் செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எஞ்சின் திருத்துகிறவர் அரத்தோடு வந்து நின்றார். அவரிடமிருந்து பெட்டியைக் காப்பாற்றியதுதான் அன்று நான் செய்த உருப்படியான வேலை.

பிறகுதான் அட்டைப் பெட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். அதற்குரிய மென்பொருளைக் கணினியில் ஏற்றினால்தான் அது வேலை செய்யுமாம். என்னுடையது கணினியே வேண்டாத மெஷின், அதில் அந்த மென்பொருளை ஏற்ற வழியில்லை. மென்பொருள் கேட்காத மைக் பெட்டிகளும் இருக்கின்றன, அவற்றைத்தான் என் மெஷின் சேர்த்துக்கொள்ளும். கடைக்காரன் கேட்கச் சொன்னது இதைத்தான். ஃபாதர் தங்கும் பங்குமனையில் ஒரு கணினி உண்டு, அது திறந்து முடிவதற்குள் ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம். மனைவியின் தம்பிக்கு முதலாளி கொடுத்திருந்த ஓய்வு அரை மணித்தியாலம்தான்.

ஃபோன் அடித்தது. "அத்தான், ஹோட்டல் குசினிக்குப் பின்னால நிக்கிறன். தொடங்கலாம்."

மனைவி ஃபோனை என் கையிலிருந்து பறித்தாள். ஜெனரேட்டர் இல்லாத பக்கமாகக் கோயிலின் பக்க வாசலுக்குப் போய், அதை உதட்டருகே பிடித்து, மேளமும் இல்லாமல் வயலினும் இல்லாமல் பாட்டை எடுத்தாள். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. நான் அழுதுவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் ஃபோனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அக்கா, அம்மா பக்கத்தில நிண்டு பாடின மாதிரி இருந்திச்சு. பாத்தீங்களா, நல்ல பெட்டி எண்டா இப்பிடித்தான். போன வருஷம் இப்பிடியா கேட்டிச்சு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

"ஓம் தம்பி," என்றாள். "உன்ட பெட்டிதான்."

மைக் பெட்டி இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் அதை எடுத்து என் மெஷினில் குத்தி, சிவப்பு விளக்கு எரிகிற அந்த ஒரு நொடியில் படமெடுத்து அவனுக்கு அனுப்புகிறேன். பிறகு வயரைக் கழற்றிவிட்டு, பக்க வாசலில் அவள் பாடி முடியும்வரை ஃபோனை அவள் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாடகர் குழுவில் இப்போது எனக்கு அதுதான் வேலை.